நாற்பத்திரண்டு ஊசிகள்

டூங்கபி, சிட்னி
பெப்ரவரி 1

அன்புள்ள மருமகள் ஹம்சாவுக்கு, மாமி விக்னேஸ்வரி எழுதிக்கொள்வது.

நானும் மாமாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளை கௌரிசங்கரும் மெல்பேண் வீட்டுக்குப் போய்ச் சாமான்களை அடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று என் அண்ணன், உன் அப்பா, சொன்னார். கலியாணம் முடிந்து நாலு நாளாகியும் என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை. ஆனாலும் மனம் நிறைந்து கிடக்கிறது. முப்பத்தொன்பது பாகை வெயிலில், விடிய நாலு மணிக்கு உடுத்திய சேலையும், அதன்பிறகு உடுத்திய கூறையும் பின்னேரம் மூன்று மணிவரை ஒரு மடிப்புக்கூடக் குலையாமல் நின்றதே, இந்தச் சிட்னியில் வேறு யார் அப்படி உடுத்துவார்கள்? நாற்பத்திரண்டு ஊசி குத்தினேன், பிள்ளை. படம் பிடிக்க வந்த சுதர்சன், இருபத்தேழு வருடமாக மணப்பெண்களுக்குச் சேலை உடுத்துகிற கை என்றால் சும்மாவா அன்ரி என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். உன் மாமா பக்கத்தில் நின்று, இது சேலையா சிறைச்சாலையா என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்.

நேற்றுப் போனில் குரலைத் தாழ்த்திச் சலக்கடுப்பு என்றாய். சலம் போகும்போது எரிகிறது, போய்விட்டு வந்தாலும் திரும்பப் போக வேண்டும்போல இருக்கிறது, பொழுதுபட்டால் மெல்லக் குளிர்கிறது என்றாய். ஒன்றுக்கும் யோசிக்காதே. இது சூடு. கலியாண அலைச்சல். நான் உடுத்திவிட்ட பிள்ளைகளில் அரைவாசிப் பேருக்கு இது வந்து போயிருக்கிறது. எனக்கும் வரும், போகும். இந்தப் பார்சலில் இரண்டு பை பார்லியும் கொஞ்சம் நன்னாரி வேரும் வைத்திருக்கிறேன். அவித்து, ஆறவைத்து, வடித்துக் குடி. படுக்கும்போது தொப்புளில் நல்லெண்ணெய் வை. மூன்று நாளில் பறந்துவிடும்.

இதற்காக டொக்டரிடம் ஓடிவிடாதே. வந்த கிழமையே புது மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன நினைப்பார்கள்? கௌரிசங்கருக்கும் சொல்ல வேண்டாம். ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் விளங்காது.

நீ குசினி மேசையில் மறந்துவிட்டுப் போன ஜிமிக்கியையும் பார்லிப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவிக்கும்போது கவனம்.

எல்லாச் சீரும் சிறப்புமாக நீங்கள் இருவரும் வாழ வேண்டும்.

அன்புள்ள மாமி
விக்னேஸ்வரி


டூங்கபி, சிட்னி
செப்ரெம்பர் 14

அன்புள்ள ஹம்சா,

இந்தக் கடிதத்தோடு பார்லி இல்லை. பயப்படாமல் பிரித்து வாசி.

நான் போன் எடுத்தால் நீ சுகம் மாமி என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனைக் கௌரிசங்கரிடம் கொடுத்துவிடுகிறாய். அவரும் நானும் ஏழு மாதமாக மெல்பேணில் மழையா வெயிலா என்று கதைத்துக்கொண்டிருக்கிறோம். பாவம், நல்ல பொறுமைசாலி. போன மாதம் ஆலங்கட்டி மழை பெய்தபோது இருவருக்குமே பெரிய சந்தோஷம், கதைக்கப் புதிதாக ஒன்று கிடைத்ததே என்று. கடிதத்தை அப்படி இன்னொருவர் கையில் கொடுக்க முடியாதல்லவா? அதுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். கறிவேப்பிலை மரம் இந்தக் குளிரையும் தாண்டிவிட்டது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் என் அண்ணன் வலி என்று வாய்திறந்து சொல்லுகிற ஆள் இல்லை. உன் அம்மா என்னோடு முன்போலவே சிரித்துப் பேசுகிறாள். ஒரு தரமாவது ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாமாவைப் பற்றி உனக்குத் தெரியும். புரொஸ்ரேட் வந்த நாளிலிருந்து சிட்னியில் எந்த ஸ்டேஷனில் கழிப்பறை திறந்திருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ குளிரில் நடுங்கி விழுந்து, கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்தாயே, அதைச் சொல்ல உன் அப்பா போன் எடுத்தபோது என் வாயில் முதலில் வந்தது, என்ர சீலையாலே ஒண்டும் வந்திருக்காது அண்ணா என்பதுதான். அவர் சேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொன்னேன் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன்.

பிறகு பிரஷர் பார்க்க மெரிலேண்ட்ஸில் டொக்டர் மோனிகாவிடம் போனேன். மலேசியாப் பிள்ளை, சிரித்துக்கொண்டே ஏசுவாள். கலியாண அலைச்சலில் சூடு ஏறிச் சலக்கடுப்பு வருமா என்று யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சூடு இல்ல அன்ரி, பாக்டீரியா லா என்றாள். அந்தக் கிருமிகள் எப்போதும் சலம் போகிற வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்குமாம். நாம் தண்ணீர் குடித்துக் குடித்துப் போகப் போக அவை கழுவுப்பட்டுப் போய்விடுமாம். குடிக்காமலும் போகாமலும் மணிக்கணக்காக அடக்கி வைத்தால் சலப்பைக்குள் இருந்து நன்றாகப் பெருகுமாம். அப்போதே மருந்து எடுக்காவிட்டால் மேலே சிறுநீரகத்துக்கு ஏறும், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் ஒரு நாளும் சுணங்கக் கூடாது என்றாள். பார்லி குடித்ததில் பிழையில்லை, பார்லியை நம்பி மூன்று நாள் இருந்ததுதான் பிழை என்றும் சொன்னாள்.

அவள் என்னை விடவில்லை. கலியாண நாளில் நீங்க எத்தனை தடவை போவீங்க என்று கேட்டாள். விடிய மூன்று மணிக்குப் போனால் பிறகு வீட்டுக்கு வந்துதான் என்றேன். உடனே ஒரு சின்னப் போத்தலைக் கையில் தந்து பாத்ரூமுக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் முடிவு வந்தது. இருபத்தேழு வருடமாக நான் சூடு என்று பேர் வைத்து வளர்த்த அதே கிருமிதான். குளிசை தந்தாள். இரண்டாம் நாளே எரிவு நின்றுவிட்டது, மிச்சத்தை மேசை லாச்சிக்குள் பத்திரப்படுத்துவோம் என்று பார்த்தால் மாமா தண்ணீர்க் கிளாஸோடு முன்னால் நின்று கடைசிக் குளிசைவரை விழுங்க வைத்தார். நாற்பது வருடத்தில் நான் அவர் சொல் கேட்டது அன்றைக்குத்தான் என்று இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

குளிசை முடிந்த கையோடு, நான் உடுத்திவிட்ட பழைய மணப்பெண்களுக்குப் போன் எடுத்தேன். இருபத்தொரு பேர் அகப்பட்டார்கள். நேராகவே கேட்டேன். பதின்மூன்று பேர் ஓம் அன்ரி என்றார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் வந்தது என்று இத்தனை காலம் வெட்கத்தில் மறைத்து வைத்திருந்தாள். ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் ராதாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, நீங்கள்தானே அன்ரி ஒண்டும் குடிக்காதேங்கோ, சீலை குலையும் எண்டு சொன்னனீங்கள் என்றாள். சொன்னேன்தான். அந்தப் பதின்மூன்று பேருக்கும் போனிலேயே மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் மட்டும் கேட்க முடியவில்லை, நீ போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாய்.

அன்றைக்கே ஊசிப் பெட்டியை மூடிவிட்டு இனி உடுத்தப் போவதில்லை என்றேன். மாமா விடவில்லை. ஹம்சாவின்ர கலியாணத்தில நான் அஞ்சு தரம் எழும்பிப் போனனான், ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை, பொம்பிளையை மட்டும் ஏன் எழும்ப விடுறியள் இல்லை என்று கேட்டார். எழும்பலாம், ஆனால் சேலை குலையும் என்றேன். அப்ப குலையாமல் உடுத்துறதுக்கு வழியைப் பார் என்றார். எனக்குப் பொல்லாத ரோசம் வந்துவிட்டது.

ஆறு கிழமை மினக்கெட்டேன், பிள்ளை. முன்மடிப்புக் கொய்யகத்தை உள்பாவாடையில் குத்தாமல், தனியாகத் தைத்த ஓர் இடுப்புப் பட்டியில் தைத்தேன். பட்டிக்கு இரண்டு கொளுக்கி. ஒட்டியாணத்தையும் கொளுக்கியையும் கழற்றிவிட்டுப் பட்டியோடு சேலையைத் தூக்கிப் பிடித்தால் போதும், மேலே ஒன்றும் அசையாது. யாருக்காவது உடுத்திப் பார்க்க வேண்டுமே? வீட்டில் மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போகிற ஆள் ஒருவர்தான் இருக்கிறார். ஓம், உன் மாமாவுக்குத்தான் கூறை உடுத்தினேன். ஒட்டியாணம் பூட்டினேன். சடைநாகம் மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். முதல் தரம் போய்வர ஒன்பது நிமிடம், கடைசியில் நாலு நிமிடம். நடுவில் பார்சல் கொண்டுவந்தவன் மணி அடிக்க, இவர் இருந்த கோலத்திலேயே போய்க் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். அந்தப் பெடியன் குட் லக் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அடுத்தது ஐயர். மணப்பெண் கூறை மாற்றிவர எப்போதும் பன்னிரண்டு நிமிடம்தான் தருவார். எனக்கு இருபது வேண்டும் என்று நேரே போய்க் கேட்டேன். முகூர்த்தம், நல்ல நேரம் என்று சண்டை பிடிப்பார் என்று பார்த்தால், மனுஷன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, தாராளமா எடுங்கோ அம்மா, மூண்டு மணித்தியாலம் அக்கினிக்கு முன்னால இருக்கிறன், எனக்கும் அந்த இடைவெளி உதவும் என்றார். பாவம், அவரும் எத்தனை வருடமாக அடக்கிக்கொண்டு மந்திரம் சொன்னாரோ.

ஆவணியில் திவ்யதர்ஷினி என்று ஒரு பிள்ளையின் கலியாணம். முதன்முதலாகப் புதுக் கட்டு. மொத்தம் ஒன்பது ஊசி. உதட்டுச் சாயம் கலையாதபடி ஸ்ட்ரோ வைத்த தண்ணீர்ப் போத்தலோடு நான் பின்னாலேயே திரிந்தேன். படம் எடுக்கும்போது நான் குறுக்கே வருகிறேன் என்று சுதர்சன் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். பிள்ளை நாலு தரம் போய் வந்தது. கூறையில் ஒரு மடிப்பு கொஞ்சம் விலகியது, நான் அதைச் சரிசெய்யவில்லை. கலியாணம் முடிந்து ஒரு கிழமை கழித்துப் போன் எடுத்து, சலம் போகும்போது எரிகிறதா என்று கேட்டேன். இல்லை அன்ரி, ஏன் என்றது. குசினியில் நின்று நன்றாக அழுதேன்.

அந்தப் பிள்ளைக்காக இல்லை, ஹம்சா. நீ என்னிடம் மூன்று தரம் கேட்டாய். விடிய ஏழு மணிக்கு, நான் நெற்றிச்சுட்டி வைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணி விடாய்க்குது மாமி என்றாய். பொறு பிள்ளை என்றேன். பத்து மணிக்குக் கூறை மாற்றும்போது, ஒருக்கா பாத்ரூமுக்குப் போட்டு வரட்டே மாமி என்றாய். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்றேன். ஒரு மணிக்குப் படம் எடுக்கிற இடத்தில் நீ ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தாய். எனக்கு விளங்கியது. விளங்கியும் குனிந்து உன் முந்தானையைத் திருத்தினேன். எரிகிறது என்று நீ சொன்னபோதும் பார்லி அனுப்பி வாயை மூடச் சொன்னேன். நீ என்னை நம்பினாய், மூன்று நாள் பொறுத்தாய். என் பிழை. சேலை நன்றாக இருந்தது, பிள்ளை நன்றாக இருக்கவில்லை. அந்தக் கலியாணப் படத்தை வரவேற்பறையில் இருந்து எடுத்துவிடுவோமா என்று மாமாவிடம் கேட்டேன். வேண்டாம், நீ பார்க்கத்தான் வேணும் என்றார்.

உன் சிறுநீரகம் இரண்டும் பழுதில்லாமல் இருக்கிறது, பிறகு செய்த சோதனையும் நல்லது என்று கௌரிசங்கர் ஆலங்கட்டி மழைக்கு நடுவில் சொன்னார். அவருக்கு எல்லாம் விளங்குகிறது. ஆம்பிளைகளைப் பற்றி நான் முன்பு எழுதியதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஒக்டோபர் நீண்ட வார இறுதியில் நானும் மாமாவும் மெல்பேண் வருகிறோம். ரயிலில்தான். கழிப்பறைக்குப் பக்கத்து ஆசனம் வேண்டும் என்று மாமா ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார். அவருடைய சிநேகிதர் வீட்டில் தங்குவோம், உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை.

நோய் நொடி அண்டாமல், யாருக்கும் பயந்து எதையும் அடக்கி வைக்காமல், நீ நூறு வயது வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் கும்பிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வீட்டு மணியை அடிப்பேன். உள்ளே வாங்கோ என்று சொல்ல மனம் வராவிட்டால் சொல்லாதே. வாசலில் நின்று, தண்ணி விடாய்க்குது பிள்ளை என்று ஒரே ஒரு தரம் கேட்பேன். பொறுங்கோ மாமி என்று நீ சொன்னால் பொறுத்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

உன் மாமி
விக்னேஸ்வரி