கோழிக்கூடு வாடகைக்கு

மார்ச் 4, புதன்

அக்காவை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள். அக்கா மாதம் முழுக்கத் தரும் வாடகையை, சனி ஞாயிறு தங்கிப்போகும் நகரத்துக்காரர்கள் இரண்டே இரவில் தந்துவிடுகிறார்களாம். இந்த ஊர் மருத்துவமனைக்கு அக்கா ஒருத்திதான் நர்ஸ். மாமா பால் வண்டி ஓட்டுகிறார். வேறு வீடு அமையாவிட்டால் மாற்றல் வாங்கிக்கொண்டு இருவரும் நகரத்துக்கே போய்விடுவார்களாம். எங்களோடு தங்கலாம் என்றால், இப்போதே நான் தூக்கத்தில் புரண்டால் அப்பா சுவரில் முட்டிக்கொள்கிறார்.

போக விடுவேனா? நான் எதற்கு இருக்கிறேன்!

மார்ச் 6, வெள்ளி

தரகரோடு அக்காவும் நானும் வீடு பார்க்கப் போனோம். ஒரு வீட்டுக்கு அக்காவின் சம்பளம் முழுதும் வாடகை. இன்னொன்றில் கூரை வழியாக வானம் தெரிந்தது. "நல்ல வெளிச்சம் பாருங்கம்மா" என்றார் தரகர். மலைப்பாதை நெடுக நல்ல நல்ல வீடுகள். எல்லாம் பூட்டு. "அதெல்லாம் சனிக்கிழமை வீடும்மா. வாடகைக்கு விட மாட்டாங்க."

பூட்டுக்குக் குடியிருக்க வீடு இருக்கிறது. நர்ஸுக்கு இல்லை.

மார்ச் 7, சனி

தரகர் பாணியிலேயே ஒரு போர்டு எழுதித் தெருமுனையில் கட்டினேன்:

"வாடகைக்கு. சிறிய தனி வீடு. நல்ல காற்றோட்டம். நாலு பக்கமும் கம்பிவலைப் பாதுகாப்பு. அதிகாலையில் எழுப்பிவிட ஆள் உண்டு."

எங்கள் கோழிக்கூடுதான். ஒரு வார்த்தை பொய்யில்லை. வாடகை: அக்கா தருவதுபோல் இரண்டு மடங்கு. போன் நம்பர்: தரகருடையது. ஹி ஹி.

மார்ச் 8, ஞாயிறு

தரகரின் போன் ஓயவே இல்லையாம். கோழிகள் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டன.

மார்ச் 10, செவ்வாய்

தரகர் வந்து கத்தினார். "ஏம்மா, கோழிக்கூட்டுக்கு என் நம்பரா?" கத்தி முடித்ததும் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஆமா... கோழிய வேற எடத்துக்கு மாத்த முடியுமா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சாயங்காலம் அது வேறு வலி ஆகிவிட்டது. தையல்காரர் வீட்டு மாடியை அக்கா ஏறக்குறையப் பேசி முடித்திருந்தாள். அவர் வாடகையை ஏற்றிவிட்டார். "தெருமுனையில போர்டு பார்த்தேன். கம்பிவலை வீட்டுக்கே அவ்வளவுன்னா, என் மாடி என்ன மட்டமா?"

அக்கா திட்டவே இல்லை. "போய்ப் படிடி" என்றாள். அவ்வளவுதான். ஐயோ, நாலு அறை விட்டிருக்கலாமே! என்னடி பண்ணி வெச்சிருக்க நீ?

மார்ச் 11, புதன்

சரி, அழுதது போதும். போர்டால் கெட்டதைப் போர்டால்தான் சரிசெய்ய வேண்டும். கோழிப் போர்டைக் கழற்றிவிட்டு, மலைப்பாதையில் பூட்டிய கேட் ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை மாட்டினேன். இந்த முறை அப்பா நம்பர்.

"சனிக்கிழமை விருந்தாளிகளே! காய்ச்சல், சுளுக்கு, தேள்கடி எதுவானாலும் இந்த மாதத்துக்குள் முடித்துக்கொள்ளவும். அடுத்த மாதம் நர்ஸ் இருக்க மாட்டார். இந்த ஊரில் அவருக்கு வீடு கிடைக்கவில்லை."

இதிலும் பொய்யில்லை.

மார்ச் 14, சனி

மலைப்பாதையில் சனிக்கிழமை வீடு வைத்திருக்கும் வெள்ளைக் கார் அம்மா அட்டையும் கையுமாக வந்து நின்றார். போன மாதம் இவர் பேரன் மண்டையை உடைத்துக்கொண்டபோது கட்டுப் போட்டது அக்காதான்.

"இது யார் வேலை?"

"என் வேலைதாங்க."

"தெருமுனையில ஒரு தனி வீடு போட்டிருந்ததே, அது?"

"அதுவும்தான்... நீங்க போன் பண்ணீங்களா?"

கோழிக்கூட்டை ஒரு பார்வை பார்த்தார். "என் தங்கச்சிக்காக... ரெண்டு தடவ" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் வீட்டுப் பின்பகுதி வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கிறதாம். தனி வாசல். அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"இப்ப குடுக்கிற வாடகைதான் குடுப்பாங்க. மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துடுங்க. நடுவுல காலி பண்ணச் சொல்லக் கூடாது."

"நீ யாரு, தரகரா?"

"கோழிக்கூட்டு ஓனருங்க."

அக்கா கிள்ளினாள். இன்னும் சிவந்திருக்கிறது.

"சரி, மூணு வருஷம்" என்றார் அந்த அம்மா. "ஆனா என் தோட்டத்துக்கு நீதான் தண்ணி ஊத்தணும்."

மார்ச் 29, ஞாயிறு

பால் வண்டியில் சாமான் ஏற்றினோம். கமிஷன் கேட்டு வந்த தரகருக்கு முட்டை கொடுத்தேன். "அந்தக் கூடு..." என்று மறுபடி இழுத்தார்.

ஏப்ரல் 1, புதன்

வருடத்தில் எனக்கு இதுதான் முக்கியமான வேலைநாள். யாரையும் ஏமாற்றவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

மலைப்பாதையில் எல்லா வீடும் பூட்டு. ஒன்றில் மட்டும் பின்பக்க ஜன்னல் திறந்திருந்தது. கொடியில் அக்காவின் வெள்ளை யூனிஃபார்ம். புதன்கிழமையில்!