பதினொன்றாவது கேன்

மார்ச் 4, செவ்வாய்

மணி பன்னிரண்டைத் தொடுகிறது. இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நாலு மாதக் குழந்தை, கழுத்து மடிப்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. டாக்டரம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "போர் தண்ணி ஊத்தாதம்மா, நல்ல தண்ணில குளிப்பாட்டு." மரக்காணத்தில். எங்கள் போர் தண்ணீரைக் காயவிட்டால் உப்பே வாரலாம்.

நல்ல தண்ணீர் ஊர்க் கமிட்டியின் ஆர்.ஓ. மிஷினில் மட்டும்தான். ஒரு தலைக்கட்டுக்கு, அதாவது கோயில் வரி கட்டும் ஒரு குடும்பத்துக்கு, வாரம் பத்து கேன். கேன் ஐந்து ரூபாய். பதினொன்றாவதைத் தொட்டால் பதினொன்றுமே தலா இருபது ரூபாய். டீக்கடைகளுக்கு விற்பவர்களைப் பிடிக்கப் போட்ட விதியாம். பிடிபட்டது பாப்பா.

பத்து கேன் ஐம்பது, பதினொன்று இருநூற்றிருபது. ஆக, அந்த ஒரு கேன் மட்டும் நூற்றெழுபது. பி.ஏ. பொருளாதாரத்தில் விலைக்கோட்டை ஸ்கேல் வைத்து நேராக வரைந்து எழுபத்தெட்டு மார்க் வாங்கினேன். இங்கே அந்தக் கோடு தடுக்கி விழுகிறது. அத்தை, மாமா, இவர், நான் - குடிக்கவும் சமைக்கவுமே பத்து சரியாகிவிடுகிறது.

மார்ச் 6

மிஷின் பார்க்கும் புருஷோத்தமன் அண்ணனிடம் கேட்டேன். "தனி அடுப்பு வச்சா தனி தலைக்கட்டு, தனி கார்டு. அடுப்பு இல்லாம கார்டு கேக்காதம்மா."

இவரிடம் சொன்னேன்.

"அம்மா என்னா நெனைக்கும்?"

"பேப்பர்ல மட்டும்தாங்க."

"எங்க ஊர்ல ஏது பேப்பர்? மைக்குல சொல்லுவாங்க."

சிரித்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பின்னறையில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துக் காட்டினேன். புருஷோத்தமன் அண்ணன் தொட்டுப் பார்த்தார். "சூடே இல்லியே."

"இது சூடாகாத அடுப்புங்கண்ணே."

கார்டு கிடைத்தது. அத்தையிடம் சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை. ஏன்?

மார்ச் 14, வெள்ளி

கோயில் மைக்கில் திருவிழா வரி வாசித்தார்கள். மாமா பெயர் வந்தது: "தேசப்பன், ஒரு தலைக்கட்டு, ரெண்டாயிரம்." மூச்சு விடாமல் அடுத்தது இவர் பெயர்: "தேசப்பன் மகன் பிரபாகரன், ஒரு தலைக்கட்டு, ரெண்டாயிரம்."

வரி. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எழுபத்தெட்டு மார்க்.

அடுப்படியில் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றது. அரை மணி நேரத்தில் பின்னறை வாசலில் ஒரு குண்டான், படி அரிசி, புளி, ஒரு படி உப்பு. தனியே போகிற மகனுக்குத் தாய் கொடுத்தனுப்புகிற சாமான்.

"அத்த, அது தண்ணிக்காகத்தான்..."

"ஊரே கேட்டுச்சு சங்கீதா. இனிமே ஒரே அடுப்புன்னா உன்ன பொய்க்காரின்னுல்ல சொல்லுவாங்க."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் என்னைப் பிரித்து வைத்தாராம்.

மார்ச் 17

பத்து கேனும் வந்து சுவரோரம் நிற்கின்றன. பிறந்த நாள் முதல் பாப்பாவைக் குளிப்பாட்டியது அத்தைதான்; அடுப்பு பிரிந்ததிலிருந்து இந்தப் பக்கம் வருவதில்லை. முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, கால்மேல் கவிழ்த்துப் போட்டு ஊற்றுவார். நானும் அதேபோல உட்கார்ந்து முயன்று பார்த்தேன். சோப்பு பட்டதும் கெண்டை மாதிரி வழுக்குகிறாள். ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டேன். மடிப்புக்குள் துணி போகவில்லை.

மார்ச் 19

இவர் ரசம் வைத்தார்.

மார்ச் 23, ஞாயிறு

அத்தை பக்கம் இரண்டே பேர். மூன்று கேன் மீந்துவிட்டது. கார்டு வீணாகக் கூடாதென்று கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுகிறார். என் பக்கமும் மீந்திருக்கிறது. தடிப்பு இப்போது அக்குள் வரைக்கும் வந்துவிட்டது.

"போய் அத்தையக் கூப்புடுங்களேன்" என்றேன் இவரிடம்.

"நான் வேற தலைக்கட்டு, நான் எப்டி கூப்புடறது?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 24

இந்தப் பக்கத்தைக் கிழித்து அத்தையிடம் கொடுக்கப்போகிறேன். நேரில் பேசினால் அழுதுவிடுவேன்.

அத்த, உங்ககிட்ட சொல்லாம செஞ்சது தப்புதான். தண்ணி இருக்கு, எனக்கு ஊத்தத் தெரியல. பாப்பா பத்து நாளா ஒழுங்கா குளிக்கல. ஊருக்கு நாம ரெண்டு தலைக்கட்டாவே இருப்போம். காலைல வந்து குளிப்பாட்டிட்டுப் போங்க. புருஷோத்தமன் அண்ணன் பார்த்தா, பேத்தியப் பாக்க விருந்துக்கு வந்தீங்கன்னு சொல்லிக்கலாம். ஆறு மணிக்கு வெந்நீர் போட்டுடறேன். வர்றீங்களா இல்லையான்னு சீக்கிரம் பதில் சொல்லுங்க.