இத்தாலிச் சாப்பாடும் அப்பாவின் பெருவிரலும்

தூத்துக்குடி
14-8-1976

அன்பு மகள் பிளாரன்ஸுக்கு அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் உன் அப்பாவின் காதிரைச்சலைத் தவிர இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, குவைத் வெயிலில் நீ மெலியாமல் இருக்கிறாயா, ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி குறைந்ததா என்று எழுது. கோயில் திருவிழா முடிந்து கொடி இறக்கிய மூன்றாம் நாளே மெட்ராசுக்கு ரயிலேறிப் போய், நீ சொன்ன அந்த ரோச் பையனையும் அவனைப் பெற்றவர்களையும் பார்த்துவிட்டு நேற்றுக் காலையில் வந்து சேர்ந்தோம். அவன் லீவு முடிந்து அங்கே திரும்புவதற்குள் எங்கள் சம்மதம் தெரியவேண்டும் என்று நீ எழுதியிருந்ததால் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். சம்மதமா இல்லையா என்று கடைசி வரியைப் புரட்டிப் பார்க்காதே, நடந்ததை முதலில் இருந்து வாசி.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம் என்றுதான் நான் போனேன். வீட்டைப் பார்க்க வேண்டும், குசினியில் நுழைந்து சட்டிபானையைப் பார்க்க வேண்டும், அந்த வீட்டுப் பொம்பளை வேலைக்காரியிடம் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்க வேண்டும், அப்போதுதானே நம் பிள்ளை அங்கே போய் எப்படி இருப்பாள் என்று தெரியும். அவர்களோ வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது என்று சொல்லி, கார் அனுப்பி எங்களை ஒரு பெரிய ஓட்டலுக்கு வரவழைத்தார்கள். பையனின் அப்பாவை உனக்கு நினைவிருக்காது, நம் தெருவுக்கு அடுத்த தெருதான். அப்போது அவர் பேர் தொம்மை. சாளைக் கருவாட்டைச் சுட்டுக் கஞ்சிக்குக் கடித்துக்கொண்டு, உன் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் முத்துச் சிலாபத்துக்குக் குளிக்கப் போனவர். இப்போது இறாலை ஐசில் வைத்துக் கப்பலேற்றுகிறார், அதனால் தாமஸ் சார் ஆகிவிட்டார். சட்டைப் பையிலிருந்து அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்து உன் அப்பாவிடம் நீட்டினார், இருபது வருடம் தெரிந்த ஆளிடம் தன் பேர் என்னவென்று காட்டுவதற்கு. அவர் மனைவி கையில்லாத ரவிக்கையும் ஒட்டுப் பொட்டுமாக, நான் கட்டியிருந்த பட்டுச்சேலையைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். நானும் சும்மா போகவில்லை, உன் சித்தியின் கைப்பையை இரவல் வாங்கிக்கொண்டு, கால் கடிக்கிற புதுச் செருப்பும் போட்டுக்கொண்டுதான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டலைப் பற்றி என்ன எழுத. தரையில் கம்பளம், கால் புதைகிறது. வாசலில் தலைப்பாகை கட்டி நிற்கிறவனுக்கு உன் அப்பா கும்பிடு போட்டார். மாடியில் இத்தாலிக்காரன் சாப்பாட்டுக்கென்றே தனி அறை. பன்னிரண்டு மணி வெயிலைத் திரைபோட்டு மறைத்து, மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்திருக்கிறார்கள், கல்லறைத் திருநாளா கொண்டாடுகிறார்கள் என்று நினைத்தேன். இத்தாலி என்றால் நமக்குப் பாப்பரசர் இருக்கிற தேசம், ஏதோ நல்லதாகத்தான் தின்பார்கள் என்று நம்பி உட்கார்ந்தேன் பார். முதலில் விறகுச் சுள்ளி மாதிரி ரொட்டிக் குச்சி வந்தது. அப்புறம் வெந்நீரில் அரைவேக்காட்டுக் காயை மிதக்கவிட்டு ஒரு சூப்பு, உப்பு இல்லை, மிளகு கேட்டால் ஒருவன் முழங்கை நீளத்துக்கு ஒரு மரக்குழவியைக் கொண்டுவந்து தலைக்குமேல் நின்று திருகுகிறான். அப்புறம் சேமியா. சேமியா என்றால் நம் பாயசத்துச் சேமியா இல்லை, கயிறு. அதை முள்கரண்டியில் சுற்றிச் சுற்றி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி அவிழ்ந்து விழுகிறது. அதன்மேல் பாலாடைக்கட்டி என்று எதையோ துருவிப் போட்டான், மழையில் நனைந்த கோணிச்சாக்கு வாடை. தாமஸ் சார் கண்ணை மூடிக்கொண்டு ஆகா ஆகா என்கிறார். இதற்கு அவர் கொடுத்த காசில் நான் தெருவுக்கே கோழிக்குழம்பு வைப்பேன். சோறு என்ற ஒன்று கடைசிவரை கண்ணில் படவில்லை.

உன் அப்பாவுக்கு வந்த தட்டில் அந்தக் கயிற்றுச் சேமியாவின்மேல் ஓட்டோடு சிப்பி, ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். இங்கே நம் கடற்கரையில் நாய்கூட முகராத சதை, நம் தெருவில் யாரும் தின்று நான் பார்த்ததில்லை, அதை அங்கே எலுமிச்சம்பழம் வைத்து வெள்ளைத் துணி போட்டுக் கொண்டுவருகிறார்கள். உன் அப்பா முள்கரண்டியை ஓரமாக வைத்தார். ஒரு சிப்பியைக் கையில் எடுத்துப் பிளந்து, பெருவிரலை உள்ளே விட்டுச் சதையின் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவி, நடுவில் அமுக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். அவர் விரல் உனக்குத் தெரியாததா. புளி கரைக்கச் சொன்னாலும் கொட்டை கொட்டையாக அப்படித்தான் தடவுவார், முத்துக்குளித்த கை, அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மனதில் ஒன்றும் இல்லாமல் தன்பாட்டுக்கு ஏழெட்டுச் சிப்பி தடவிவிட்டார். தாமஸ் சாருக்கு அவர் என்ன செய்கிறார் என்று முதல் சிப்பியிலேயே தெரியும், அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பரிமாறுகிறவர்களும் பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்த பிறகு, சத்தமாகச் சொன்னார்: “அண்ணாச்சி, இது ஓட்டலு. சிலாபம் முடிஞ்சு பதினஞ்சு வருசமாச்சு.” சொல்லிவிட்டுப் பரிமாறுகிறவனிடம் அதையே இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அவன் சிரித்தான். அந்த அம்மாள் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நீ ஆசைப்பட்ட பையன் சிரிக்கவில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆனால் சும்மா இருங்கள் டாடி என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டு சேமியாவைச் சுற்றினான். உன் அப்பா பெருவிரலை அந்த வெள்ளைத் துணியில் துடைத்தார். அதற்குப்பிறகு வலதுகையை மேஜைக்கு மேலே எடுக்கவே இல்லை. கடைசியில் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் வந்தது, அதையும் தொடவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். கருவாடு தின்ற வாய்க்கு வந்த கொழுப்பைப் பார், வீட்டுக்கு அழைக்க வக்கில்லாதவன் ஓட்டலில் வைத்து அவமானப்படுத்துகிறான், இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று மணியாச்சி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். உன் அப்பா சன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர், பையன் நல்ல பையன்தான், என் தண்ணீர் டம்ளர் காலியாக விடாமல் அவன்தான் ஊற்றிக்கொண்டே இருந்தான், பிள்ளை ஆசைப்படுகிறாள், சரியென்று எழுது என்றார். அப்படியானால் அவர்கள் சிரித்ததற்கு உமக்கு ரோஷமே இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: “நீயும் கூடச் சிரிச்சதுதாம்ளா நல்லது. இல்லன்னா அவங்களுக்குச் சங்கடமாப் போயிருக்கும்.”

ஆமாம் பிளாரன்ஸ், நானும் சிரித்தேன். மேலே எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுதினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், இந்த ஆள் எப்போதும் இப்படித்தான் என்று ஒரு சொல்லும் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு அந்த நேரம் எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள், அந்தக் கையால் எனக்கும் உனக்கும் சோறு வந்தது என்று தெரிந்தவள், எனக்கே அவரை விட்டுக்கொடுக்க அந்த மேஜையில் ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. நீ அந்த மேஜையில் வாழ்நாள் முழுக்க உட்காரப் போகிறவள்.

ஆகவே நீ கேட்ட பதில் இதுதான். அப்பாவுக்குச் சம்மதம். நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொல்கிற யோக்கியதையை அந்த ஓட்டலில் தொலைத்துவிட்டேன். ரோச் அங்கே வந்ததும் அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவனையே கேள், என்ன சொல்கிறான் என்று பார்த்து நீயே முடிவு செய். செபமாலையை விடாதே, வெளியே போகும்போது தலையில் துணி போட்டுக்கொள், மாதா உன்னைக் கையைப் பிடித்து நடத்துவாள், எங்கள் ஆசீர் எப்போதும் உனக்கு உண்டு. அடுத்த கடிதத்தை அப்பா பேருக்கே எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன். அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

உன் அம்மா
இன்னாசியம்மாள்