திரையோடு வரும் கேமராவையே வாங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி பட்டாணியும் நலம் என்று நம்புகிறேன். போன வாரம் வரை இப்படி நம்ப வேண்டியிருக்கவில்லை, போனைத் திறந்தால் நீ தொட்டிலருகே வைத்த கேமராவில் அவள் வயிறு ஏறி இறங்குவதே தெரிந்தது. தபாலில் போட்டால் உனக்கு வந்து சேர்வதற்குள் கேமராவைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிடும். அதனால் தாளில் எழுதுகிறேன், அம்மா படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். பேசினால் நான் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். எழுத்தில் என்றால் அதை அடித்துவிடலாம். இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன், பார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவன் நான்தான் என்பதுபோல. எதிர்வீட்டுத் தையல்காரர் பட்டாணிக்கு ஒரு தொப்பி தைத்திருக்கிறார். தலை அளவு கேட்டார், போனில் பார்த்த ஊகத்தில் சொன்னேன், அது இப்போது ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குத்தான் சரியாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடமாகக் குடோனின் காவல் அறையில் பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஏதாவது அசைந்தால் நேரம் பார்ப்பேன், பதிவேட்டில் எழுதுவேன். அது கையின் பழக்கம். நீ கேமராவின் பாஸ்வேர்டை அனுப்பி, "எப்ப வேணா பாத்துக்கோங்கப்பா" என்று சொன்னபோது தாத்தாவாகத்தான் உட்கார்ந்தேன். எப்போது காவலாளியானேன் என்று தெரியவில்லை. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். 2.10 புரண்டாள். 2.31 அழுகை. 2.35 தாய் வந்தாள். அதோடு விட்டிருக்கலாம். உனக்குப் போன் செய்து, பிள்ளை அழுகிறது, வர ஏன் நான்கு நிமிடம் ஆயிற்று என்று கேட்டேன். தாமதமாக வந்த லாரி ஓட்டுநரிடம் கேட்கும் அதே குரலில். "அப்பா, நான் உங்க குடோன் இல்ல" என்றாய். போனை வைத்துவிட்டாய். இன்றோடு ஆறு நாள்.

அம்மாவிடம் சொன்னேன், என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நாலு நிமிஷத்த எழுதி வச்சீங்களே, அவ பொறந்தப்ப நான் குளியலறைக் குழாயத் தொறந்துவிட்டுட்டு உள்ள உக்காந்திருப்பேன், தெரியுமா? அவ அழறது காதுல விழக் கூடாதுன்னு. பத்து நிமிஷம். சில நாள் அதுக்கும் மேல. நீங்க ஆலையில ஷிப்டுல இருந்தீங்க" என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். இருபத்தெட்டு வருடம் கழித்து எனக்குத் தெரிகிறது. அன்று நம் வீட்டில் கேமரா இருந்திருந்தால் அவள் வந்த நேரத்தையும் எழுதியிருப்பேன். குழாயை எழுதியிருக்க மாட்டேன். அது படத்துக்கு வெளியே.

இனி நீ கேட்ட கேள்வி. போனில் பார்க்கும் இந்தக் கேமராவையே வைத்துக்கொள்வதா, தனித் திரையோடு வருவதை வாங்குவதா என்று அந்தப் போனுக்கு முன்பே கேட்டிருந்தாய். இது இன்டர்நெட் வழியாக வருகிறது, எங்கிருந்தும் பார்க்கலாம், அதுதான் அதன் நல்லது, கெட்டதும் அதுதான். நெட் போனால் படமும் போகும், பாஸ்வேர்டு யாருக்காவது கிடைத்தால் உன் அறையும் அவர்களுக்குக் கிடைக்கும். மற்றதற்கு இன்டர்நெட் வேண்டாம். ஒரு கேமரா, கையில் எடுத்துப்போக ஒரு சின்னத் திரை, இரண்டும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும். வீட்டுக்குள்தான் எட்டும், கனத்த சுவர் குறுக்கே வந்தால் திணறும், அதனால் வாங்கிய அன்றே சமையலறையில் நின்று பார், துணி காயப்போடும் இடத்தில் நின்று பார். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள், பாதியை நம்பு. இருட்டில் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அது பழுதல்ல. பட்டாணி முனகினாலெல்லாம் திரை விழிக்காமல், உரக்க அழுதால் மட்டும் விழிக்கும்படி வைக்க முடியும், அப்படியே வை, நீயும் கொஞ்சம் தூங்கலாம். கேமரா வழியாகக் குழந்தையிடம் பேசும் வசதியை அணைத்துவிடு, சுவர் திடீரென்று பேசினால் நானே பயந்துவிடுவேன். குழந்தையின் மூச்சை எண்ணிச் சொல்லும் கருவி என்று ஏதாவது சேர்த்து விற்கப் பார்ப்பார்கள், குழந்தை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதே.

திரையோடு வருவதையே வாங்கு. அதில் நாங்கள் பார்க்க முடியாது. "நல்லா எழுதுங்க, பேத்தி மொகத்தையும் சேத்துக் கடையில திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதுங்க" என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து வந்து, "எழுதிட்டீங்களா? எழுதிடுங்க" என்றாள். எனக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை. நேற்று என் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை. நீயும் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதிலிருப்பதையெல்லாம் அழித்துவிட்டுக் கொடு.

அந்த நான்கு நிமிடம் நீ எங்கே இருந்தாய் என்று கேட்க மாட்டேன். சொல்லத் தோன்றினால் அம்மாவிடம் சொல், அவளுக்குக் கேட்கத் தெரியும். எனக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறது, அதுவும் மூன்றாம் பக்கத்தில். மன்னித்துவிடு. இனி பட்டாணி தவழ்ந்தாளா, உட்கார்ந்தாளா என்பதெல்லாம் நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும். சொல்ல மறந்த நாளில், அவள் நன்றாக இருந்தாள், நீயும் நன்றாக இருந்தாய் என்று எடுத்துக்கொள்வேன்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் மனம் நிறைந்து இருங்கள். எந்தக் கேமராவானாலும் அதன் வயர் தொட்டிலிலிருந்து மூன்றடியாவது தள்ளியிருக்கட்டும், குழந்தையின் கை நாம் நினைப்பதைவிட நீளம். இதை மட்டும் காவலாளி சொன்னதாகவே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா