ஒப்த்தான் என்றால் என்ன என்று கேட்டாயே

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
12.3.2007

அன்பு மகன் இராமதாசுக்கு அம்மா எழுதுவது. நீயும் கலைவாணியும் பிள்ளைகளும் சுகமா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டேனே தவிர என் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இப்போது வெளியே போயிருக்கிறார், அதற்குள் எழுதுகிறேன்.

உனக்கு பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு மனு போட, உன் அப்பா ஒப்த்தானா என்று பாரீஸ் வக்கீல் கேட்டாராம், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தாய். தேர்ந்தெடுப்பதற்கு பிரெஞ்சில் உள்ள சொல்லிலிருந்து வந்தது அது. அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர் ஒப்த்தான், சும்மா இருந்தவர் இந்தியன். எதிர் வீட்டுச் சாமிக்கண்ணு கொடுத்தார், இன்று அவர் பேரன்கள் வரைக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். உன் அப்பாவும் தான் கொடுத்ததாகத்தான் நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்கிறார், ஆபீஸ்காரன் தாளைத் தொலைச்சிட்டான் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் திட்டுகிறார். உன் கடிதம் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நோட்டரியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். என் புள்ளைக்காக எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன் என்கிறார். வெள்ளிக்கிழமை நோட்டரி முன்னால் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்து.

இராமதாசு, அந்தத் தாளைக் கொடுக்கப் போனது நான். அப்பாவுக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். உன் அக்கா அப்போது வயிற்றில். வரிசையில் நின்ற பெண்கள், எழுதிக் குடுத்தா ஆம்பளைங்கள கப்பல்ல ஏத்தி பட்டாளத்துக்கு இட்டுக்கினு போயிடுவாங்களாம் என்று பேசிக்கொண்டார்கள். பயந்துபோய் பாதி வரிசையிலேயே திரும்பிவிட்டேன். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன், தாளையும் அதிலேயே போட்டேன். அவர் வந்து கேட்டதற்குக் குடுத்துட்டேன் என்றேன். அவர் நம்பினார், இன்னும் நம்புகிறார்.

உனக்கு வருஷா வருஷம் அங்கே தங்குவதற்கான அந்த அட்டைக்காக வரிசையில் நிற்கும்படி ஆனது என்னால்தான். மனு வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிடு. யாரோ தொலைத்தார்கள் என்று அந்த மனிதர் பொய்ச் சத்தியம் பண்ண நான் விடமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். நேற்றும் சொல்லத்தான் வாயெடுத்தேன், காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

குளிரில் காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. மாரியம்மன் உங்கள் நால்வரையும் காப்பாள். இது உன் கைக்கு வரும்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், என்னோடு பேசுவாரோ மாட்டாரோ. நீ போன் பண்ணும்போது முதலில் அவரிடம் பேசு. கோபத்தை அவரிடம் காட்டாதே, எல்லாவற்றையும் எனக்கு வைத்திரு.

உன் அம்மா
ராஜாம்பாள்