அப்பா எட்டாம் வசனத்தோடு நிறுத்தினார்

விருத்தாசலம்
24-4-1973

அன்பு மகள் வாசுகிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், வெயில்தான் சுகமாக இருக்க விடமாட்டேன் என்கிறது. நீ சுகம் என்று ஒரு வரி எழுதினால் போதாது, மூன்று வேளையும் என்ன சாப்பிட்டாய் என்று எழுதினால்தான் நம்புவேன். ஹாஸ்டல் சாம்பாருக்கு இங்கிருந்து நான் ஒன்றும் செய்ய முடியாது, பருப்புப்பொடி மட்டும் அரைத்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பீங்கான் ஃபேக்டரியில் அதே வேலைதான், கோப்பைகளைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டு விரிசல் கண்டுபிடிப்பது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் தேங்காய், குடம், என் காப்பி டம்ளர் எதையும் விடுவதில்லை. அங்கே கழித்துப் போட்டதெல்லாம் நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு ஊறுகாய் ஜாடி வந்தது, எண்ணெய் கசியும், அதனால் காலியாகக் கிடந்தது. காலி என்று நான்தான் சொல்கிறேன், அதற்குள் உன் கடிதம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

உன் ஆராய்ச்சிக்காக மாற்கு சுவிசேஷத்தைப் பற்றி நீ டைப் அடித்து அனுப்பிய அத்தியாயத்தை ஜனவரியில் அப்பா படித்தது உனக்குத் தெரியும். பழைய கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது, கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடி ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதோடு சரி, மீதிப் பன்னிரண்டு வசனமும் பின்னால் வேறு யாரோ சேர்த்தது என்று நீ எழுதியிருந்தாய். அப்பா பென்சிலை எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் பெருக்கல் குறி போட்டார். ஸ்ரீமுஷ்ணம் சந்தையில் மிஷன்காரர் ஒருவர் அந்தப் பன்னிரண்டில் ஒரு வசனத்தைப் படித்துக் கேட்டுத்தானே உன் தாத்தா ஞானஸ்நானம் வாங்கினார். எங்கப்பனை இழுத்தாந்த வசனத்தையே என் பொண்ணு ஒட்டு வேலைங்கறா, இனிமே நான் அவளுக்கு லெட்டர் போடமாட்டேன் என்றார், போடவும் இல்லை.

மார்ச்சில் நீ எழுதினாயே, அப்பாவுக்கு மனசு கஷ்டமென்றால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன், லீவுக்கு வீட்டுக்கு வரலாமா வேண்டாமா என்று அவரையே கேட்டு எழுது என்று, அந்தக் கடிதத்தை நான் அவரிடம் கொடுக்கவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன். அத்தியாயத்தை எடுக்கச் சொன்னாலும் உன் ஒரு வருஷப் படிப்பு வீண். அதனால் ஜாடிக்குள் போட்டு மூடிவிட்டேன். நடுவில் உனக்குப் போட்ட இரண்டு கார்டிலும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நீ பதிலுக்கு எவ்வளவு காத்திருப்பாய் என்று தெரிந்தும் அப்படிச் செய்தேன், அது என் தப்புதான்.

முந்தாநாள் ஈஸ்டர். வழக்கம்போல விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை, வழக்கம்போல அப்பாதான் மாற்கு பதினாறாம் அதிகாரம் வாசிப்பார். ஃபேக்டரியில் மண் பிசையும் இடத்தில் வேலை செய்கிற வீரம்மாளை இந்த வருஷம் நான் அழைத்துப் போயிருந்தேன். கருவேப்பிலங்குறிச்சிக்காரி, சர்ச்சுக்கு வருவது அதுவே முதல் தடவை, முடிந்ததும் டீயும் பன்னும் உண்டு என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். அப்பா நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தார். எட்டாம் வசனம் வந்ததும் நின்றார். வேதத்தை மூடினார். உபதேசியார் எட்டிப் பார்த்து இருமுகிறார், அப்பா அசையவில்லை. அதற்குள் வீரம்மாள் சத்தமாக, அப்பறம் என்னாங்கய்யா ஆச்சி, அந்தப் பொம்பளைங்க யார்கிட்டயும் சொல்லலன்னா நமக்கு எப்பிடித் தெரிஞ்சிது, எவளோ ஒருத்தி வாயத் தொறந்திருக்காளே என்று கேட்டுவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது, போதகர் ஐயாவும் சிரித்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். நாற்பது நிமிஷத்துக்குக் குறைந்து அவர் முடித்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பதினைந்து நிமிஷம்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஏன் நிறுத்தினீங்க என்று கேட்டேன். நம்ம பொண்ணு சொல்ற எடத்துல நிறுத்தினா எப்பிடிச் சத்தம் வருதுன்னு தட்டிப் பாத்தேன், நல்லாத்தான் கேக்குது என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஜாடியைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் படித்தார். அஞ்சு வாரமா புள்ள பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்குது, ஏன்டி சொல்லல என்று கத்தினார். பயமா இருந்துச்சி, அதான் யார்கிட்டயும் சொல்லல என்றேன். கத்தினவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். காலையில் வாசித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது, நானும் சிரித்தேன், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

அத்தியாயத்தை எடுக்க வேண்டாமாம். ஆனால் அதிலேயே ஒரு வரி அவருக்காக எழுத வேண்டுமாம். கோப்பைக்குக் கைப்பிடி தனியா செஞ்சி ஒட்டறதுதான், அதப் புடிச்சித்தான எல்லாரும் டீ குடிக்கிறோம், எங்கப்பனும் அதப் புடிச்சித்தான் வந்தாருன்னு எழுதச் சொல்லு என்றார். உன் புரொபசர் ஒத்துக்கொள்வாரா தெரியாது, கேட்டுப் பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்பாவிடம் நீயே நேரில் சொல்லிக்கொள், நான் நடுவில் வரமாட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கண்ணுக்கும் கைக்கும் பெலன் தருவாராக. ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. வரும்போது கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி வா, வீரம்மாள் எழுத்துக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அப்பா எழுதுகிறேன் என்றார்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஜெ. கமலம்

வாசுகி, சேலத்தில் வண்டி மாறும்போது பெட்டி ஜாக்கிரதை. என்றைக்கு வருகிறாய் என்று எழுது. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.
அப்பா