பதினோராவது பெட்டி

பெப்ரவரி 11, செவ்வாய்

அவித்த கடலட்டை நன்றாகக் காய்ந்துவிட்டது. அடைப்பதற்குப் பெட்டி எடுக்க ஸ்டோருக்குப் போனால், கழுதைகள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நிற்கின்றன. பழைய மட்டைப் பெட்டிகளில் பாதி அவற்றின் வயிற்றுக்குள். கழுதைகள் தெருவெல்லாம் கடதாசி தேடித் தின்னும் மன்னாரில் பெட்டி வைத்திருக்கிறவள் கதவையல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்?

மிச்சம் பதினொன்று. எல்லாம் மருந்துக் குளிசை வந்த பெட்டிகள்.

ஜெஸீம் இன்றும் வேலைக்கு வரவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

ஜெஸீமை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஒன்பது வருடம் எனக்காகச் சுழியோடி அட்டை எடுத்தவன். குளிசை இல்லாவிட்டால் முழங்காலை யாரோ முறுக்குவது போல் இருக்கிறதாம்.

அவன் மனைவி ஸரீனா சத்தம் போடவில்லை. "முதல் குளிசைக் காட் நீங்கள் குடுத்தது, அக்கா" என்றாள்.

ஓம். நான்தான். ஆழத்திலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு மூட்டெல்லாம் நோ, தாங்க ஏலாத வலி. கடல் வழியாகக் களவாக வந்த நோக்குளிசையை வாங்கித் தேத்தண்ணியோடு கொடுத்தேன். விழுங்கினவன் இன்னும் இரண்டு தரம் முங்கினான். எனக்கு அது போதும்.

அது அபின் வகை மருந்து என்று தெரியாதா? முதல் வருடம் தெரியாது. பிறகு — தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

சட்டத்தரணி சுவேதினி கடைக்கு வந்தார். பாராளுமன்றத்தில் புதுச் சட்டமூலம் ஒன்றாம். தன் நாட்டிலிருந்து போதைக் குளிசை களவாக வெளியே போவது தெரிந்தும் விட்டுவிட்ட வெளிநாட்டு அரசாங்கத்தை, பாதிக்கப்பட்டவன் இங்கேயே வழக்கில் நிறுத்தலாம். அதை ஆராயும் குழு அடுத்த மாதம் கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், சாட்சி கேட்கிறது.

"'தெரிந்தும்' எண்டதிலதான் இழுபடுகுது, அக்கா. குளிசை செய்த கொம்பனிக்கு ஏற்றுமதி அனுமதியை மூண்டு வருசத்துக்கு முதலே நிற்பாட்டினதா அந்த அரசாங்கம் கடிதம் தந்திருக்கு. அதுக்குப் பிறகு வந்த பெட்டியில அவையின்ர முத்திரை இருந்தாத்தான் மடக்கலாம். இல்லாட்டி அந்தப் பிரிவையே வெட்டிப்போடுவினம்."

முத்திரையா? எழும்பி ஸ்டோருக்குப் போனேன்.

பெப்ரவரி 28, வெள்ளி

பதினொரு பெட்டியிலும் 'ஏற்றுமதிக்கு' என்ற எழுத்துக்கு மேல் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சின் முத்திரை இருக்கிறது. பத்தில் கடல் தண்ணி பட்டுத் தேதி அழிந்துவிட்டது. ஒன்றில் மட்டும் கண்ணாடி போலத் தெளிவு. போன வருடத் தேதி.

அதே பெட்டியின் மூடியில் கறுப்பு மார்க்கரில் என் கையெழுத்து: "ஜெஸீம் 2 காட். றுஸ்தி 1." இரண்டு பேரும் என் சுழியோடிகள்.

மார்ச் 7, வெள்ளி

அந்தப் பெட்டியோடு கேற்றடியில் நின்றேன். வெளியே கழுதை. தின்னக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

என் மனுசன் கதிரையை விட்டு எழும்பாமல் கேட்டார்: "நீர் அதைக் கச்சேரிக்குக் கொண்டுபோனா அட்டை லைசன்ஸ் போகும். இருபது வருச வியாபாரம். யோசிச்சனீரோ?"

யோசித்தேன். பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

கச்சேரி மண்டபம் நிறைந்த சனம். குழுத் தலைவர் கேட்டார்: "இந்தப் பெட்டி உங்களிட்ட எப்பிடி வந்தது?"

"காசு குடுத்து வாங்கினனான்."

"எதுக்கு?"

"என்ர ஆக்கள் கூட நேரம் முங்கிறதுக்கு."

தலைவர் எழுதுவதை நிறுத்தினார். "அம்மா, உங்களுக்கு மேலயும் வழக்கு வரலாம், தெரியுமோ?"

"ஓம் ஐயா. என்னைப் பிடியுங்கோ. என்னை மட்டும் பிடிச்சிட்டு, முத்திரை குத்தினவனை விட்டிடாதேங்கோ."

அவர் வெளிநாட்டுக் கடிதத்தை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு முத்திரையும் ஒரே முத்திரை. ஒன்று 'நிற்பாட்டினோம்' என்கிறது. மற்றது அதற்கு இரண்டு வருடம் கழித்து 'கொண்டுபோ' என்கிறது. அந்தப் பிரிவை வெட்டச் சொல்லிக்கொண்டிருந்த உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அரசாங்கக் கந்தோர்களில் கைகட்டி நின்றே பழகியவள் நான். இன்றைக்கு மற்றவர்கள் எழும்பிவந்து என் பெட்டியைப் பார்த்தார்கள்.

வாசலில் ஸரீனா, நோன்போடு. "கொண்டு வர மாட்டியள் எண்டு நினைச்சன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

மார்ச் 25, செவ்வாய்

லைசன்ஸ் நான்கு மாதம் நிறுத்தம். சரி.

ஜூன் 12, வியாழன்

சட்டம் நிறைவேறிவிட்டது. பிரிவு வெட்டுப்படவில்லை, இன்னும் கூராகிவிட்டது. அரசாங்க முத்திரையும் தேதியும் இருந்தால் போதும், தனக்குத் தெரியாது என்பதை அந்த அரசாங்கமே வந்து நிரூபிக்க வேண்டும்.

மீன் சந்தையில் மீன் வெட்டுகிற நஸார் கத்தியை வைத்துவிட்டுக் கத்தினான்: "அக்கா, அட்டை அவிச்ச கையால சட்டமும் அவிச்சுப்போட்டியள்."

"கழுதைக்கு நன்றி சொல்லு. அந்தப் பெட்டியை அது தின்னாமல் விட்டதே."

இரண்டு கிலோ இறால் வாங்கிச் சமைத்தேன். மனுசன் மூன்று தரம் சோறு போடச் சொன்னார். லைசன்ஸைப் பற்றிக் கதையே இல்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

லைசன்ஸ் திரும்பி வந்து ஒரு கிழமை. ஜெஸீம் இனிக் கடலுக்குள் இறங்க முடியாது. என் மேசையில் அட்டை தரம் பிரிக்கிறான். குளிசையை விட்டு ஐந்து மாதம். நோ வரும்போது எழும்பி ஸ்டோரைச் சுற்றி நடக்கிறான்.

இன்று சுவேதினி வழக்கு மனுவைக் கொண்டுவந்தார். இந்தச் சட்டத்தின் கீழ் முதல் வழக்கு. வழக்காளி ஜெஸீம். முதலாம் எதிராளி ஒரு நாட்டின் அரசாங்கம். இரண்டாம் எதிராளி நான்.

ஜெஸீம் என் மேசையில் இருந்துதான் கையொப்பம் வைத்தான். பேனையை மூடாமல் என்னைப் பார்த்தான். "கோவமோ, அக்கா?"

"ஒரு அரசாங்கத்துக்குப் பக்கத்தில என்ர பேரைப் போட்டு வச்சிருக்கிறாய். இதுக்கு ஆரும் கோவிப்பினமோ?"

ஸரீனா சிரித்தாள். அவள் சிரித்து இந்த வருடம் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தேத்தண்ணி மட்டும்.